எந்தத் தெரு என்று கேட்டவன் எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ பெங்களூருக்குத் திரும்பி இருபது நாள் ஆகிறது. அம்மாவிடம் தினமும் பேசுகிறாய். என்னிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்வதில்லை. காரணம் தெரியும் என்பதால் நானும் கேட்கவில்லை. இதை வாயால் சொன்னால் பாதியிலேயே வாத்தியார் குரல் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தோழி நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். ஊர் எது என்று கேட்டேன், சொன்னாள். எனக்குத் தெரிந்த ஊர்தான். உடனே, "அங்க எந்தத் தெரும்மா?" என்றேன். அவள் ஒரு நொடி டம்ளரைப் பார்த்தாள். பிறகு, "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால அங்கிள்" என்றாள். தெருவின் பெயரைச் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவள் அந்தக் காபியைத் தொடவும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று இரண்டு பேரும் கிளம்பிவிட்டீர்கள்.

அன்று ராத்திரி ஃபோனில் கேட்டாய்: "தெரிஞ்சு என்னப்பா பண்ணப் போறீங்க?" சும்மாதான் கேட்டேன் என்றேன். பொய் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. இந்த இருபது நாளும் அந்தச் 'சும்மா'வைத்தான் கிளறிக்கொண்டிருக்கிறேன்.

நம் பக்கம் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் அநேகமாகப் போய்விட்டது. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. வடக்கே ஒருவர் பெயரைச் சொன்னதுமே தெரிந்துவிடுவது இங்கே தெரியாது. வகுப்பில் எத்தனையோ வருஷம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் பெயரை விட்டுப் போனது கேள்விக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எந்த ஊர், எந்தத் தெரு, குலசாமி எது, அந்த ஊரில் இன்னாரைத் தெரியுமா? சாதி என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்க வேண்டாம். இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். தெரிகிறவரை மனசுக்குள் ஒரு அரிப்பு.

அந்த அரிப்பைத்தான் உன்னிடம் சொல்ல வருகிறேன். அவள் தெருவைச் சொல்லியிருந்தாலும் நான் எதையும் மாற்றியிருக்க மாட்டேன். அதே காபி, அதே டம்ளர்தான். ஆனாலும் அவளை எந்தப் படியில் வைப்பது என்று தெரியாமல் என்னால் இயல்பாகப் பேச முடியவில்லை. குனிய வேண்டிய இடமா, நிமிர வேண்டிய இடமா என்று என் முதுகு முதலில் கேட்கிறது. புத்தி அதற்கப்புறம்தான் வருகிறது.

இது எங்கே ஒட்டியது என்று எனக்குத் தெரியும். ஏழு வயதில் உன் தாத்தாவோடு பண்ணையார் வீட்டுக்குப் போனேன். அவர் தோளில் கிடந்த துண்டு, தெரு முனையிலேயே கக்கத்துக்குப் போய்விட்டது. பண்ணையார் மகன், மீசை கூடச் சரியாக முளைக்காதவன், தாத்தாவை "வாடா" என்றான். தாத்தா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வருகிற வழியில் நம் வயல். களை பறித்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெரியவர், தாத்தாவை விடப் பத்து வயதாவது மூத்தவர், தண்ணீர் கேட்டு வந்தார். துண்டு மறுபடி தோளுக்கு ஏறியிருந்தது. "ஏலே, அங்கேயே நில்லு" என்று சொல்லி, செம்பை உயர்த்தி, அவர் குவித்த கையில் படாமல் ஊற்றினார்.

பாப்பா, அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. ஆறுதலாக இருந்தது. என் அப்பா மறுபடியும் பெரிய ஆளாகிவிட்டார் என்று இருந்தது. அறுபது வருஷம் கழித்து இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

பிற்பாடு அம்பேத்கரைப் படித்தபோது இதற்கு ஒரு பெயர் கிடைத்தது: படிநிலைச் சமத்துவமின்மை. மேலே போகப் போக மரியாதை, கீழே இறங்க இறங்க இளப்பம். நடுவில் இருப்பவனுக்கு மேலே இருப்பவன் மேல் கோபம் இருந்தாலும், காலுக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற சுகத்தை விட மனம் வராது. 1936-ல் லாகூர் மாநாட்டுக்காக அவர் எழுதி, கடைசியில் பேச விடாமல் தடுக்கப்பட்ட உரையில், சாதி என்பது செங்கல் சுவரோ முள்வேலியோ கிடையாது, அது மனத்தின் ஒரு நிலை என்கிறார். தலித் மக்களைப் பிரித்து வைக்கச் செங்கல் சுவரே கட்டிய ஊரும் நம்மிடம் உண்டுதான். மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 2008-ல் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். அந்தச் சுவருக்கு இடிக்கும் எந்திரம் போதுமாக இருந்தது. செம்பை உயர்த்திய கைக்கு எதைக் கொண்டு போவது?

இனி சொல்லப்போவதை அம்மாவிடம் கூட நான் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். வருஷா வருஷம் உதவித்தொகைப் படிவம் வரும். எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். நான் என்ன செய்வேன் தெரியுமா? வகுப்பு நடுவில், "எஸ்.சி. பசங்கள்லாம் எந்திரிங்க" என்பேன். எழுந்து நிற்பார்கள். சுண்டுவிரலால் எண்ணிவிட்டு உட்காரச் சொல்வேன். எல்லா வாத்தியாரும் அப்படித்தான் செய்தோம். பிள்ளைகளுக்குப் பணம் வாங்கித் தருகிறோம் என்று நல்ல எண்ணத்தோடுதான் செய்தோம்.

அந்த வகுப்பில் ஒரு பையன். வடிவியல் என்றால் அவனுக்கு அப்படி ஒரு பிரியம். நான் தேற்றத்தை எழுதி முடிக்கும் முன்னால் கை தூக்கிவிடுவான், கரும்பலகைக்கு வந்து நான் யோசிக்காத வழியில் நிறுவிக் காட்டுவான். நான் எண்ணிய மறுநாள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். "சார், அடுத்த தடவை எங்க பேரைச் சொல்லிக் கூப்பிட முடியுமா சார்?" எனக்குச் சிரிப்பு வந்தது. "இதுல என்னடா வெக்கம்? அரசாங்கம் குடுக்குற காசுதானே?" என்றேன். சரி சார் என்று போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் கை தூக்கவில்லை. கேட்டால் சொல்வான், தானாக வரமாட்டான். மதிப்பெண்ணும் மெல்லக் குறைந்தது. வயசுக் கோளாறு என்று நினைத்தேன். வீட்டில் கஷ்டமோ என்று ஒரு முறை விசாரிக்கக் கூடச் செய்தேன். என்னை மட்டும் விசாரித்துக்கொள்ளவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தேன். உலக வங்கியைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள் 600 பேருக்கு மேல் கூட்டி வந்து, தாளில் அச்சடித்த புதிர்ப்பாதைகளைத் தீர்க்கச் சொன்னார்கள். யார் என்ன சாதி என்று சொல்லாமல் உட்கார வைத்தபோது, தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் மற்றவர்களுக்கு இணையாகத் தீர்த்தார்கள். அடுத்ததாக வேறு குழுக்களில் ஒவ்வொருவன் பெயரையும், அப்பா, தாத்தா பெயரையும், சாதியையும் எல்லார் முன்னிலையிலும் வாசித்துவிட்டு அதே மாதிரிப் புதிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். தாழ்த்தப்பட்ட பையன்கள் தீர்த்த எண்ணிக்கை சட்டென்று குறைந்துவிட்டது.

அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அந்த ஆய்வாளர்கள் ஒரு முறை செய்து பார்த்ததை நான் வருஷம் தவறாமல் செய்திருக்கிறேன். அறிவு எங்கும் போய்விடவில்லை. இருந்த அறிவில் ஒரு பங்கை, யார் பார்க்கிறார்கள், என்ன நினைக்கிறார்கள், தப்பாகச் சொன்னால் எதைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்ற கணக்குக்கு அவன் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தேற்றத்துக்கு மிச்சம் இருந்தது குறைவு. அவன் கை இறங்கியதற்கு அது ஒன்றே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவன் வந்து கேட்டான், பாப்பா. பதினான்கு வயதில், ஆசிரியர் அறை வாசல் வரை வந்து கேட்டான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது உனக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டி வரக் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி பற்றி எதுவும் இருக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. கயிறு கட்டும் வயசை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு வராது, வீட்டில் காசு கிடையாது, எதிர்காலம் என்று காட்ட ஒன்றும் இல்லாத பையன். அவனுக்கு யாரோ ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு, நீ பிறந்ததே பெரிய சாதனை என்று சொல்லிவிடுகிறார்கள். கூடப் படிக்கிற தலித் பையன் தன்னை விட நன்றாகப் படித்தால், அந்த ஒற்றைச் சாதனைக்கும் ஆபத்து வந்துவிடுகிறது. தாத்தாவின் துண்டுதான் இன்றைக்குக் கயிறாகியிருக்கிறது. அந்தப் பையன்கள் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. கூடவே, நாங்கள் அவர்களுக்கு வேறு எதைத்தான் கொடுத்தோம் என்றும் வருகிறது.

சரி, உன் தோழிக்கு வருகிறேன்.

அவள் டம்ளரைப் பார்த்த அந்த ஒரு நொடி எனக்குப் பழக்கமானது. அந்தப் பையன் சரி சார் என்று சொல்வதற்கு முன்னால் அதே அளவுக்குத்தான் நின்றான். சொல்லலாமா, சொன்னால் இவர் முகம் என்ன ஆகும், சொல்லாவிட்டால் மறைக்கிறேன் என்று நினைப்பாரா, என் தோழிக்குச் சங்கடம் ஆகுமா? இத்தனையையும் ஒரு நொடியில் போட்டு முடிக்க எத்தனை தடவை பழகியிருக்க வேண்டும்! நான் ஒரு முறை 'சும்மா' கேட்டேன். அவளுக்கு அது எத்தனையாவது தடவையோ. ஒருவேளை நான் நினைக்கிறபடி எதுவும் இல்லாமல், கிழவன் துருவுகிறானே என்ற எரிச்சலாகவும் இருக்கலாம். பார்த்தாயா, இங்கேயும் நான் ஊகித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அரிப்பு இன்னும் போகவில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். நம்பர் கேட்டு உனக்கு மெசேஜ் கூட அடித்துவிட்டு அனுப்பாமல் அழித்தேன். நான் ஃபோன் செய்து தழுதழுத்தால், "பரவால்ல அங்கிள்" என்று அவள்தான் என்னைத் தேற்ற வேண்டிவரும். என் பாரத்தை இறக்கி வைக்க அவள் தோள்தானா கிடைத்தது?

அதனால் ஒன்று செய். இந்தக் கடிதத்தை நீ படித்த பிறகு, அப்பா தான் கேட்டது தப்பு என்று எழுதியிருக்கிறார் என்று மட்டும் அவளிடம் சொல். அவள் படிக்க விரும்பினால் கொடு. பொங்கலுக்கு வருகிறேன் என்றால் கூட்டிக்கொண்டு வா. வரவில்லை என்றால், வரவில்லை என்று மட்டும் சொல். ஏன் என்று கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா