அந்த மாத்திரையை அறைக்குள் வைக்க விடாதே

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. மூட்டைப்பூச்சியைக் கொல்ல உன் பக்கத்துக் கட்டில்காரர் வாங்கி வைத்திருக்கிற மூன்று மாத்திரையை அறைக்குள் வைக்க விடாதே. முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். எழுதி அனுப்பினால் அறையில் இருக்கிறவர்களுக்கும் படித்துக் காட்டலாம்.

சாம்பல் நிறம், தடித்த வட்ட மாத்திரை, அலுமினியக் குப்பி, திறந்தால் பூண்டு நாற்றம் என்று நீ சொன்ன அடையாளம் எல்லாம் எனக்குப் பழகினது. அது அலுமினியம் பாஸ்பைடு. கிடங்கில் நெல்லுக்கும் அரிசிக்கும் வண்டு விழாமல் இருக்க வைப்போமே, அதே மாத்திரைதான்.

அட்டிக்கு மருந்து வைக்கிற நாளில் உன்னை அந்தப் பக்கம் வரவிட்டதில்லை, அதனால் உனக்குத் தெரிந்திருக்காது. ஆளுயரத்துக்கு மேல் அடுக்கின மூட்டைகள்மேல் கனமான பிளாஸ்டிக் படுதாவைப் போர்த்துவோம். தரையை ஒட்டின ஓரம் முழுக்க மணல் நிரப்பின நீளப் பைகளை வைத்து அழுத்துவோம். வடிகட்டிக் குப்பி பொருத்தின முகக்கவசம் மாட்டினவர்தான் உள்ளே மாத்திரை வைப்பார். டன்னுக்கு மூன்று மாத்திரை கணக்கு. பிறகு கதவைச் சாத்தி, மண்டையோடு போட்ட பலகையை மாட்டிவிட்டால் ஏழு நாள் யாரும் உள்ளே போகக் கூடாது. திறந்த பிறகும் படுதாவைத் தூக்கிவிட்டு நன்றாகக் காற்றாட விட்டால்தான் லோடுமேன்கள் கால் வைப்பார்கள். அத்தனை பெரிய கட்டடம், அத்தனை கட்டுப்பாடு, பக்கத்தில் ஒரு குடியிருப்பும் கிடையாது. அந்தச் சாமானைத் துபாய் டெய்ராவில் பிளைவுட் தடுப்புக்குள் இருக்கிற கட்டிலுக்கு அடியில் வைக்கப்போகிறோம் என்கிறீர்கள்.

இந்தியாவில் அதை வீட்டுக்காரர்களுக்கு விற்கக் கூடாது. அரசு நிறுவனங்களும் அனுமதி வாங்கின பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களும்தான் வாங்கலாம். நீ இருக்கிற நாட்டிலும் வீடுகளில் அதற்குத் தடை. ஆனாலும் யாரோ ஒருத்தர் பெட்டியில் துணிக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவந்து விற்கிறார். வாங்குகிறவனிடம் பூச்சிமருந்து அடிக்கிற கம்பெனிக்காரனைக் கூப்பிடக் காசில்லை, அதுதான் அந்த வியாபாரத்தின் முதல்.

அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன், கேள். மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்தால் பாஸ்பீன் என்கிற வாயு கிளம்பும். 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் வாயுவை விடும். பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்று வைத்து உன் தங்கச்சி கணக்குப் போட்டுக் காட்டினாள். மூன்று மாத்திரையும் முழுக்கக் கரைந்தால் காற்றில் பத்து லட்சத்துக்கு 75 பங்குக்கு மேல் வருகிறது. உடனே உயிருக்கு ஆபத்து என்று வைத்திருக்கிற அளவு 50. வேலை செய்கிற ஆள் ஷிப்டு முழுக்க சுவாசிக்கலாம் என்று விட்டிருக்கிற அளவு வெறும் 0.3. மூக்கில் கட்டுகிற துணியோ கொரோனா காலத்து மாஸ்க்கோ இந்த வாயுவுக்குக் குறுக்கே நிற்காது. நாற்றம் வந்தால் ஓடிவிடலாம் என்றும் நம்பாதே. நாற்றமே தெரியாத நேரத்திலும் அது அறைக்குள் இருக்கும்.

ஒரு ராத்திரி வெளியே தங்கினால் போதும் என்று அந்தக் கட்டில்காரருக்கு யார் சொன்னார்களோ. கோடையில் அங்கே காற்று பிசுபிசுவென்று இருக்கும், வாயு வேகமாகக் கிளம்பும். குளிர்காலத்தில் காற்று காய்ந்திருந்தால் மாத்திரை மெதுவாகத்தான் கரையும், நீங்கள் திரும்பி வந்து ஏசி போட்டுப் படுத்த பிறகும் கட்டிலுக்கடியில் வேலை நடந்துகொண்டிருக்கும். வெள்ளைப் பொடியாக உதிர்ந்து கிடந்தாலும் அதில் மிச்சம் இருக்கும்.

சரி, நீங்கள் எல்லோரும் வெளியே போய்விடுவீர்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தையோடு இருக்கிற குடும்பம் எங்கே போகும்? அவர்களிடம் சொல்லப்போவதுகூட இல்லை என்றாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கதவடி, குழாய் ஓட்டை, சுவர் விரிசல், ஏசி வழி எதுவானாலும் அந்த வாயுவுக்குப் பாதைதான். ஷார்ஜாவில் ஒரு ஃபிளாட்டில் வைத்த மருந்துக்குப் பக்கத்து ஃபிளாட்டில் தூங்கின குழந்தைகள் செத்த செய்தி ஒரு தடவைக்கு மேல் வந்திருக்கிறது. 2015-ல் கனடாவில் ஃபோர்ட் மெக்மரே என்கிற ஊரில் ஒரு குடும்பம் பாகிஸ்தானிலிருந்து கொண்டுபோன இந்த மருந்தை மூட்டைப்பூச்சிக்காக வீட்டில் வைத்து இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தது. நம் பக்கத்திலும் 2024 நவம்பரில், குன்றத்தூரில், எலிக்கு மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுப் படுத்த குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் போய்விட்டார்கள். தாய் தகப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். எங்கே பார்த்தாலும் முதலில் போவது சின்னதுகள்தான்.

இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, நெஞ்சு இறுக்கம் என்றுதான் ஆரம்பிக்கும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். நீ இதைப் படிப்பதற்குள் யாராவது வைத்துவிட்டிருந்தால் உள்ளே போய் அள்ள முயற்சி பண்ணாதே. தண்ணீர் ஊற்றாதே, கழிப்பறையில் போடாதே, தண்ணீர் பட்டால் வாயு இன்னும் வேகமாக வரும். அந்த ஃபிளாட்டில் மட்டுமில்லை, மேலே, கீழே, பக்கத்தில் இருக்கிறவர்களையும் எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு 999-க்குப் போன் செய். ஆம்புலன்சுக்கு 998. டாக்டரிடம் மருந்தின் பெயரைச் சொல். வேலை போய்விடும், வீட்டுச் சொந்தக்காரன் துரத்துவான் என்று மறைத்தால் அவர் எதற்கு வைத்தியம் பார்ப்பார்?

இவ்வளவு விஷத்தை எந்தப் பூச்சிக்காக வைக்கிறோம் என்றும் யோசித்துப் பார். மூட்டைப்பூச்சி கடித்தால் அரிக்கும், தடிக்கும், தூக்கம் கெடும். தூக்கம் கெட்டவன் சாரத்தில் ஏறி வேலை பார்ப்பது சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது மனுஷனுக்கு வியாதி பரப்பினதாக இன்றுவரை நிரூபணம் ஆனதில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் கதை தெரியுமல்லவா.

வெட்கமும் வேண்டாம். அழுக்குக்கு வருகிற பூச்சி இல்லை அது, ரத்தத்துக்கு வருகிறது. அரண்மனைக் கட்டிலிலும் இருக்கும். பழைய மெத்தையில், பெட்டித் தையலில், ஊருக்குப் போய் வந்தவர் பையில் தொற்றிக்கொண்டு வரும். உங்கள் அறையில் ஒருத்தர் ஊரிலிருந்து வந்ததிலிருந்துதான் என்று அவரை ஒதுக்கி வைத்திருக்கிறீர்களாம். அது சரியில்லை. ஒதுக்கி வைத்தால் அடுத்தவன் தன் கட்டிலில் பூச்சி இருப்பதைச் சொல்லமாட்டான், அங்கேயே பெருகும்.

ஸ்பிரேயும் புகை டப்பாவும் வாங்கி ஓய்ந்துவிட்டோம் என்றாய். ஓயத்தான் செய்யும். மருந்துக்குப் பழகிப்போன பூச்சி அது. டிடிடி என்கிற பூச்சிமருந்து வந்து கொஞ்ச வருஷத்திலேயே, 1947-ல், ஹவாய்த் தீவில் அதற்குச் சாகாத மூட்டைப்பூச்சியைக் கண்டுவிட்டார்கள். இப்போது கடையில் விற்கிற ஸ்பிரேக்களில் பெரும்பாலும் இருக்கிற பைரித்ராய்டு வகைக்கும் அதே கதி. புகை டப்பா இன்னும் மோசம். புகை மேலாகப் படியும், பூச்சியோ கட்டில் குழாய்க்குள்ளும் திருகு ஓட்டையிலும் இருக்கும். எஞ்சியது தடுப்பைத் தாண்டிப் பக்கத்து அறைக்குப் போகும். சமையலறைப் பக்கம் வைத்தால் தீப்பிடிக்கவும் செய்யும். அமெரிக்காவில் 2003-லிருந்து 2010 வரை ஏழு மாநிலங்களில் மூட்டைப்பூச்சிக்கு அடித்த மருந்தால் உடம்புக்கு வந்தவர்கள் 111 பேர், ஒருவர் இறந்துவிட்டார் என்று அவர்கள் அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. சாகவில்லையே சாகவில்லையே என்று மேலும் மேலும் அடிப்பதும், அடித்த படுக்கையைத் துவைக்காமல் படுப்பதும் எங்கேயும் நடக்கிறதுதான்.

லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிற வயல் மருந்தும் வேண்டாம். நம் ஊரில் ஒரு காலத்தில் மூட்டைப்பூச்சி என்றாலே நுவான் என்பார்கள். அதிலிருந்த டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31-லிருந்து இந்தியாவில் தடை. வயலில் அடிப்பதற்கென்று அளவு வைத்ததை மெத்தையில் அடித்து அதன்மேல் எட்டு மணி நேரம் முகத்தை வைத்துப் படுப்பதை எந்த லேபிளும் அனுமதிக்காது.

இனி செய்ய வேண்டியது. அலுப்பான வேலை, ஆனால் விஷம் இல்லாதது. சூடுதான் அதற்கு எமன். ஐம்பது டிகிரிக்கு மேல் சூடு உள்வரைக்கும் ஏறினால் பூச்சியும் சாகும், முட்டையும் சாகும். துணி, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி லாண்டரிக்குக் கொண்டுபோய் நல்ல சூட்டில் அரை மணி நேரம் டிரையரில் ஓட்டச் சொல். பையைக் கட்டாமல் தூக்கிக்கொண்டு போனால் வழியெல்லாம் உதிரும். திரும்பக் கொண்டுவருவது புதுப் பையில். இரும்புக் கட்டிலைக் கழற்றி, மொட்டை மாடியிலோ குளியலறையிலோ வைத்துக் குழாய் முனைகளிலும் திருகு ஓட்டைகளிலும் கொதிக்கிற தண்ணீரை ஊற்று. நம் பாட்டி கயிற்றுக் கட்டிலுக்குச் செய்ததுதான். கையைச் சுட்டுக்கொள்ளாதே, பிளக் பக்கம் ஊற்றாதே. மெத்தைத் தையல் ஓரத்தில் மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி இருக்கும், அங்கேதான் கூட்டம். வாக்குவம் இருந்தால் உறிஞ்சிவிட்டு அந்தப் பையை உடனே கட்டி வெளியே போடு. மெத்தையை மட்டும் வெயிலில் போட்டு ஏமாறாதே. மேலே கொதிக்கும், நடுவில் சூடு ஏறாது. ஜிப் வைத்த முழு உறை போட்டு மூடிவிடு, உள்ளே மாட்டினது வெளியே வரக் கூடாது. அது மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், அதனால் ஒரு வருஷத்துக்கு உறையைத் திறக்காதே.

பிறகு கட்டிலைச் சுவரைவிட்டு நகர்த்திப் போடு. போர்வை தரையில் தொங்கக் கூடாது. நாலு காலுக்கும் அடியில் பிளாஸ்டிக் கிண்ணம் வை. வெறும் கிண்ணம் போதாது, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்று. குளிர்நாட்டு மூட்டைப்பூச்சி வழவழப்பான கிண்ணத்தில் விழுந்தால் ஏறமாட்டாதாம், நம் மாதிரி வெப்பமான ஊர்களில் இருக்கிற ஜாதி ஏறிவிடுமாம். விவசாயம் படிக்கிற உன் தங்கச்சி சொன்னது, அவள் இதில் என்னைவிடக் கெட்டி. காலையில் கிண்ணத்தைப் பார்த்தால் எந்தக் கட்டிலில் இன்னும் இருக்கிறது என்றும் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் நீ மட்டும் செய்தால் வீண். ஒரே நாளில் அத்தனை கட்டிலுக்கும் செய்ய வேண்டும், தடுப்புக்கு அந்தப் பக்கமும். அப்படியும் அடங்காவிட்டால் முனிசிபாலிட்டி அனுமதி பெற்ற கம்பெனியைக் கூப்பிடுங்கள். ஒரு தடவையோடு முடிந்தது என்று சொல்கிறவனை நம்பாதே. முட்டை ஆறிலிருந்து பத்து நாளில் பொரிக்கும், இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தாக வேண்டும். என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கு. சம்பளத்தில் வாடகை பிடிக்கிற கம்பெனி அறையை ஒழுங்காகக் கொடுக்கவும் வேண்டும். தங்குமிடத்தைக் கவனிக்கிற கேம்ப் பாஸிடம் எல்லோருமாகப் போய்க் கேளுங்கள், தனியாகப் போகாதே.

அவர் பணம் தரமாட்டார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் பங்கு எவ்வளவு வருகிறதோ அதை இந்த மாதம் வீட்டுக்கு அனுப்புவதில் கழித்துக்கொள். சங்கத்து நகைக்கடனுக்கு வட்டி அடுத்த மாதம் கட்டிக்கொள்ளலாம், செயலாளரிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன் பக்கத்துக் கட்டில்காரரைத் திட்டாதே. அவர் அந்த மாத்திரைக்குக் கொடுத்த காசையும் எல்லோருமாகப் பங்கு போட்டுக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீணாகிறதே என்று நீங்கள் இல்லாத நேரத்தில் வைத்துவிடுவார். குப்பியின் மூடியைத் திறக்காமல் அந்த அனுமதி பெற்ற கம்பெனி ஆளிடமே ஒப்படைக்க வழி கேளுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் அதை அள்ளுகிறவனும் நம்மை மாதிரி ஒருத்தன்தான்.

பொங்கலுக்கு வரும்போது பெட்டியை நேராக உள்ளே கொண்டுவராதே, அம்மா திண்ணையிலேயே வாங்கி வைக்கச் சொல்கிறாள். துணியெல்லாம் முதலில் வெந்நீர் அண்டாவுக்குத்தான். முறுக்கு வேண்டுமா அதிரசம் வேண்டுமா என்று கேட்கிறாள், அதற்கும் சேர்த்துப் பதில் போடு.

இப்படிக்கு,
அப்பா