மண்ணைப் பிடித்து நிற்பது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் வந்த அறிவியல் சிறுகதையில், இறக்கப்போகும் ஒருவரின் நினைவுகளை ஒரு தையல்காரரின் உடம்பில் ஏற்றுகிறார்கள். எழுந்து உட்காருபவர் யார் என்பதுதான் கதை. இதெல்லாம் நமக்கு ஒட்டாத கதை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கேட்டதும் இதைத்தானே? காளி கோயிலில் தலையை வெட்டிக்கொண்ட கணவனுக்கும் அண்ணனுக்கும் ஒரு பெண் பதற்றத்தில் தலையை மாற்றி வைத்துவிடுகிறாள். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம், கணவன் தலை உள்ளவனே கணவன் என்கிறான் ராஜா. சிறுவயதில் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் இதை வாசித்துக் காட்டியபோது அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தோட்டத்து நர்சரியில் பால்மரக் (ரப்பர்) கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டியவர். கன்றின் பட்டையைக் கீறி, நல்ல ரகத்தின் கண்ணை, அதாவது முளைவிடும் மொட்டை, உள்ளே வைத்துச் சுற்றிக் கட்டுவார். மூன்று வாரம் கழித்துப் பிரிக்கும்போது கண் பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது. அப்புறம் கன்றின் தலையை அதற்கு மேலே வெட்டிவிடுவார். "வச்ச கண்ணோட பேருதான் மரத்துக்கு. ஆனா மண்ணப் புடிச்சி நிக்கிறது யாரு?" என்றார்.

நம் கதாசிரியரோ நினைவு யாருடையதோ எழுந்தவர் அவரேதான் என்று முடித்துவிட்டார். ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் 1694-இல் எழுதியதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்கு 1953-இல் வலிப்புக்காக மூளையில் அறுவை செய்தபின், புதிதாக எதுவும் நினைவில் தங்கவில்லை. கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும், இதற்குமுன் செய்ததே இல்லை என்பார். கையோ நாளுக்கு நாள் தேறியது. அப்படியானால், வருஷக்கணக்காக ஊசி பிடித்த அந்தத் தையல்காரரின் விரல்கள் என்ன ஆயின? அவர் துணியைத் தொட்டால் என்ன நடக்கும்? ஒரு வரி இல்லை. கதையின் உயிரே அங்கேதான் இருந்தது.

அதற்காக இந்த வகைக் கதைகளை நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாம் படிவம் படிக்கும் என் பேத்தி இதை வைத்து ராத்திரி பதினொரு மணிவரை என்னோடு வாதாடினாள். எழுதுகிறவர்கள் மூளையைப் பற்றி இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு எழுதட்டும். மாதம் ஒரு கதையாவது போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்