ஜெர்மனி பிரிண்டருக்கு என்ன ஆச்சு

வத்திராயிருப்பு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஜெயந்தி,

உன் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன். பதிலைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ நடுவில் புகுந்து வேறு கதைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாய், ஹாஸ்டலிலிருந்தே அதுதானே உன் தொழில். அதனால் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டுக் கூப்பிடு.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது சன் டிவியில் யார் என்ன புடவை என்பது வரை சொல்கிறார்கள். இவருக்கு மதுரைக்கு மாற்றலாகி தினம் பஸ். சங்கீதா ப்ளஸ் டூ, வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேச முடியவில்லை. வார்டன் அக்காவைப் போன மாதம் ஆண்டாள் கோவில் வாசலில் பார்த்தேன். முதல் கேள்வியே உன் பச்சைத் தாவணி பற்றித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, நம்பு.

இனி விஷயம். பிள்ளைகள் பத்திரிகை ஏன் இந்தத் தடவை வரவில்லை என்று கேட்டிருந்தாய். நீ பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தாயே, அந்த பிரிண்டர் ஓடவில்லை. உடையவில்லை, கீழே விழவில்லை, கரண்டில் போகவில்லை. ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, பேப்பரை இழுத்துப் பார்க்கிறது, திரையில் எழுத்து வருகிறது. அச்சடிக்க மட்டும் மாட்டேன் என்கிறது.

நீ கூடவே வைத்துத் தந்த மை தீரும்வரை அது எங்கள் பள்ளியின் செல்லப்பிள்ளை. முத்துலட்சுமி வரைந்த மீன்கொத்தியை அது அச்சடித்துத் தள்ளியபோது அந்த நீலத்தைப் பார்க்க ஆறாம் வகுப்பு முழுக்க மேசையைச் சுற்றி நின்றது. அவள் அப்பா கூலி வேலையை விட்டுவிட்டு வந்து அந்தப் பக்கத்தை வாங்கிக்கொண்டு போனார். உனக்குப் போட்டோ அனுப்பினேனே.

மை தீர்ந்தது. ராஜபாளையத்தில் கடை கடையாக ஏறினேன். "அக்கா, இந்த நம்பரே இந்தியாவில் கிடையாது" என்றார்கள். சிவகாசியிலும் அதே பதில். அப்புறம்தான் தெரிந்தது, கார்ட்ரிட்ஜுக்கு, அதுதான் அந்த மை டப்பாவுக்கு, ஊர் உண்டாம். எச்பி கம்பெனியை எடுத்துக்கொள்: ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், அமெரிக்காவில் அதன் நம்பர் 63, ஐரோப்பாவில் 302, நம்மூரில் 803. ஒரு ஊரில் வாங்கிய பிரிண்டர் அடுத்த ஊர் கார்ட்ரிட்ஜை உள்ளே விடாது. ஊருக்கு ஊர் விலை வேறு; விலை குறைந்த இடத்தில் வாங்கி விலை கூடிய இடத்தில் யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான் சங்கதி. ஸ்டுட்கார்ட்டில் பிறந்ததை வத்திராயிருப்பில் வைத்துப் பிழைக்க வைக்க முடியாது போல. கஸ்டமர் கேருக்குப் போட்டால், "அது ஐரோப்பாவில் விற்ற மாடல் மேடம், நீங்கள் அங்கே பேசுங்கள்" என்று வைத்துவிட்டார்கள். எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதவில்லை, உனக்குத் தெரியும்.

நம்ம பாண்டி அண்ணனிடம் கொண்டுபோனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இன்னும் அதே சந்துதான். அவர் கை பட்டு எழுந்திரிக்காத மெஷின் கிடையாது என்று நீயே சொல்வாய். சிரிஞ்சில் மையை உறிஞ்சி, ஊசியை இறக்கி, நாலு கலரையும் துளி சிந்தாமல் நிரப்பிக் கொடுத்தார். பள்ளிக்குக் கொண்டுவந்து மாட்டினேன். திரையில் "காலி". வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே மை ததும்புகிறது. பக்கத்தில் நின்ற சிவப்பிரியா கேட்டாள்: "டீச்சர், மை இருக்கே, அது ஏன் பொய் சொல்லுது?"

அவளுக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது முடியும். கார்ட்ரிட்ஜின் விளிம்பில் தங்க நிறத்தில் சின்னதாய் ஒரு சிப் இருக்கிறது பார். இந்த மாதிரி மாடல்கள் பலவற்றில் அது மையை அளப்பதே இல்லை. இத்தனை துளி தெளித்தேன், இத்தனை முறை மை தெளிக்கும் ஹெட்டைக் கழுவினேன் என்று பிரிண்டர் போடும் கணக்கை அந்தச் சிப்பில் எழுதிக்கொள்கிறது. கணக்கு முடிந்தால் காலி, உள்ளே என்ன இருந்தாலும் சரி. உள்ளூர் மாடல்களின் சிப்பைப் பழையபடி ஆக்கப் பாண்டி அண்ணனிடம் ரீசெட்டர் இருக்கிறது. உன்னுடையதற்கு இல்லை.

சரி, அச்சு போகட்டும், பிள்ளைகள் வரைந்ததை ஸ்கேனாவது செய்து உனக்கு அனுப்புவோம் என்று கண்ணாடியில் வைத்தால், முதலில் மஞ்சள் கார்ட்ரிட்ஜை மாற்று என்கிறது. ஸ்கேன் செய்ய மஞ்சள் மை எதற்கடி? அமெரிக்காவில் 2021-ல் ஒருவர் இதே கேள்வியோடு கேனான் மீது வழக்கே போட்டாராம். படித்தபோது, அப்பாடா, நமக்கு மட்டும் இல்லை என்று இருந்தது.

பாண்டி அண்ணன் விடவில்லை. டெல்லி நேரு பிளேசில் ஆளைப் பிடித்து, வேறு கம்பெனி செய்த கம்பாட்டிபிள் கார்ட்ரிட்ஜ் ஒரு செட் வரவழைத்தார். என் கைக்காசு. மாட்டியதும் ஓடியது! பாதி இதழ் அடித்துவிட்டோம். ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், "இந்தக் கார்ட்ரிட்ஜ் ஏற்கப்படாது". வெள்ளிக்கிழமை மாலை ஏற்றுக்கொண்ட அதே கார்ட்ரிட்ஜ். சனி, ஞாயிறில் வைஃபை வழியாகக் கம்பெனியின் அப்டேட் பிரிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. பூட்டிக் கிடந்த அறைக்குள் யாரோ வந்து கழற்றிப் போட்டுவிட்டுப் போனது மாதிரி இருந்தது எனக்கு. கோபத்தில் அன்று முதல் பீரியட் பாடமே நடத்தவில்லை.

அன்று முதல் ராத்திரி ராத்திரி இதையேதான் படிக்கிறேன். இவர் தலையில் அடித்துக்கொள்கிறார். நீ கேள்.

2016 செப்டம்பர் 13 அன்று எச்பியின் ஆபிஸ்ஜெட் பிரிண்டர்கள் பல நாடுகளில் ஒரே நாளில் வெளிக் கம்பெனி கார்ட்ரிட்ஜை மறுத்தன. ஜனங்கள் சண்டை போட்ட பிறகு, சரியாகத் தெரிவிக்காமல் விட்டதற்கு வருந்துகிறோம் என்று சொல்லி, தடையை எடுக்கும் ஒரு மென்பொருளைத் தந்தார்கள். வழக்கத்தை மட்டும் விடவில்லை. 2020-ல் இத்தாலியின் போட்டி ஆணையம் இதற்காக அவர்களுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. 2024 ஜனவரியில் அந்தக் கம்பெனித் தலைவர் என்ரிகே லோரெஸ் டிவியில் சொன்னார்: ஒருவர் பிரிண்டர் வாங்கும்போது அது அவர் மேல் நாங்கள் போடும் முதலீடு, எங்கள் மையை வாங்காவிட்டால் அது மோசமான முதலீடு என்று. காசு கொடுத்தது நாம், முதலீடு அவர்களுடையது! கார்ட்ரிட்ஜ் வழியாக வைரஸ் வரலாம் என்பது அவர் சொன்ன இன்னொரு காரணம். பிரிண்டரை அடக்க விலைக்கும் கீழே கொடுக்கிறோம், மையில்தான் எடுக்கிறோம் என்பது கம்பெனிகள் சொல்வது. அது உண்மையாகவே இருக்கட்டும், அப்படியானால் பிரிண்டர் விலையைக் கூட்டி அட்டைப்பெட்டியில் போடு, வாங்குகிறவர் யோசித்து வாங்கட்டும். மலிவாய்க் கொடுத்து வீட்டுக்குள் வந்துவிட்டு, அப்புறம் பூட்டைப் போடுவதை வியாபாரம் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

கோர்ட்டுக்கும் போயிருக்கிறது. லெக்ஸ்மார்க் என்றொரு கம்பெனி, சிப்புக்குள் இருக்கும் துக்கடா புரோகிராமுக்குக் காப்பிரைட் என்று சொல்லி, மாற்றுச் சிப் செய்த வட கரோலினாக்காரர்கள் மீது வழக்குப் போட்டது. 2004-ல் மேல்முறையீட்டில் அது எடுபடவில்லை. பிறகு, தீர்ந்த கார்ட்ரிட்ஜை நிரப்பி விற்ற ஒரு சின்னக் கம்பெனி மீது பேட்டன்ட் வழக்கு. மேற்கு வர்ஜீனியாவில் சார்ல்ஸ்டன் என்ற ஊர், பெயர் இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ். நம்ம பாண்டி அண்ணன் தொழில்தான், ஜெயந்தி! அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 மே மாதம் சின்னவர் ஜெயித்தார். ஒரு பொருளை விற்ற பிறகு, பேட்டன்டைக் காட்டி அதன் மேல் உரிமை கொண்டாட முடியாது என்று தீர்ப்பு. பழைய காரை வாங்கி ரிப்பேர் செய்து விற்கும் கடைக்காரர் ஒவ்வொரு பாகத்தின் பேட்டன்டுக்கும் பயந்துகொண்டிருந்தால் அந்தத் தொழில் நடக்குமா என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதியிருக்கிறார். அதைப் பாண்டி அண்ணனிடம் சொன்னேன். "அப்ப நாம செய்யறது தப்பில்லன்னு பெரிய கோர்ட்டே சொல்லிருச்சா?" என்று கேட்டுவிட்டு, எனக்கு டீ வாங்கித் தந்தார். அமெரிக்கத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று எனக்கும் தெரியும். அவர் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

ஆனால் தீர்ப்பு ஜெயித்து என்ன ஆனது? சட்டத்தில் தடுக்க முடியாததைச் சிப்பில் தடுக்கிறார்கள். நிரப்ப உனக்கு உரிமை உண்டு, ஏற்க மாட்டேன் என்று சொல்ல மெஷினுக்குக் கட்டளை உண்டு.

உன் ஊர்க் கதை ஒன்று கிடைத்தது, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கோவிட் சமயம் உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு வந்ததே, அப்போது கேனானுக்கு டோனர் கார்ட்ரிட்ஜில், அதாவது மைப்பொடி டப்பாவில், வைக்கச் சிப் கிடைக்கவில்லை. சிப் இல்லாமலே விற்றார்கள். பிரிண்டர் அதைச் சந்தேகப்பட்டு எச்சரிக்கை காட்டும் இல்லையா? 2022 தொடக்கத்தில் கேனான் ஜெர்மனியே, அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு அச்சடியுங்கள், அச்சின் தரம் கெடாது என்று வாடிக்கையாளர்களுக்கு வழி சொல்லிக் கொடுத்தது. மையின் அளவு மட்டும் சரியாகக் காட்டாதாம். சிப் இல்லாமலும் அச்சு விழும் என்று அவர்கள் வாயாலேயே வந்துவிட்டது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே மின்குப்பைச் சட்டத்தில், தனிக் காரணம் இல்லாமல் வடிவமைப்பாலேயே மறுபயன்பாட்டைத் தடுக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. எழுதி எத்தனை வருஷம் ஆகிறது பார்.

உன் பிரிண்டர் இப்போது தலைமை ஆசிரியர் அறை பீரோ மேல் இருக்கிறது, துணி போட்டு மூடி. தூக்கிப் போட மாட்டேன், பயப்படாதே.

இப்போது நீ செய்ய வேண்டியது. வாங்கிய பில் இருக்கிறதா தேடு. பில்லும் சீரியல் நம்பரும் கொடுத்து, வாங்கியவர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார் என்று கேட்டால் ஊர்ப் பூட்டை மாற்றித் தருகிற கம்பெனிகள் உண்டு. அங்கே ஜெர்மன் பாஷையில் கேட்டால் காது கொடுப்பார்கள். ஊர்ப் பூட்டைத் திறந்துவிட்டால், இங்கே அதே அளவில் விற்கிற நம்பர் எதையாவது போட்டுப் பார்க்கிறேன் என்கிறார் பாண்டி அண்ணன். அவர்கள் மறுத்தால், உங்கள் ஊர் நுகர்வோர் மையத்தில், அந்த ஃபெர்ப்ரௌகர்சென்ட்ராலேயில், ஒரு புகார் எழுது. நீ எழுதுகிற மாதிரி காரமாக எழுத எனக்கு வராது. ஆட்டோமேட்டிக் அப்டேட்டை அணைத்துவை என்று நீ சொல்லப் போவது தெரியும், அணைத்துவிட்டேன்.

அடுத்த முறை வரும்போது அங்கிருந்து கார்ட்ரிட்ஜ் வாங்கி வராதே. அங்கே ஒரு செட்டுக்கு நீ கொடுக்கிற காசில் இங்கே மை பாட்டில் நாலு கலரும் வாங்கி மீதியும் இருக்கும். தொட்டியில் மை ஊற்றுகிற இங்க் டேங்க் மாடல் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். அதற்கும் ஒரு கதை இருக்கிறது: ஜனங்கள் பிரிண்டருக்கு வெளியே பாட்டில் வைத்து, குழாய் இழுத்து, தாங்களே மை ஊற்றிக்கொண்டு கம்பெனியைச் சுற்றி வழி போட்டார்கள். அதைப் பார்த்துத்தான் 2010-ல் எப்சன் இந்தோனேசியாவில் தொட்டி வைத்த பிரிண்டரைக் கொண்டுவந்தது, பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். இப்போது விற்கிற எப்சன் 003 கறுப்பு பாட்டிலில் 4,500 பக்கம் என்று போட்டிருக்கிறது. பிள்ளைகள் படத்துக்கு அத்தனை வராது, ஒரு வருஷ இதழுக்குத் தாராளம். அதிலும் வில்லங்கம் உண்டு. ஹெட் கழுவிய மை போய்ச் சேரும் பஞ்சு நிரம்பிவிட்டதாகக் கணக்குக் காட்டி ஒருநாள் நின்றுவிடும்; புது மாடல்களில் அந்தப் பஞ்சுப் பெட்டிக்கும் சிப் வைத்துவிட்டார்கள். அதனால் எந்த மாடலைத் தன்னால் ரீசெட் செய்ய முடியுமோ அதைத்தான் வாங்க வேண்டும் என்று பாண்டி அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் குறித்துக் கொடுத்ததைத் தனியாக அனுப்புகிறேன்.

பணத்துக்கு நம்ம செட் குரூப்பில் நீயே போடு. நான் போட்டால் சரவணன் கணக்கு கேட்டே ஆளைச் சாகடிப்பான், நீ போட்டால் ஒரு ஹார்ட் போட்டுவிட்டு அனுப்பிவிடுவான். பொங்கலுக்குள் மீதிப் பாதி இதழ் வெளிவர வேண்டும். சிவப்பிரியா அட்டைக்குப் படம் முடித்துவிட்டாள், கலர் பென்சிலில் இரண்டு வாரம் உட்கார்ந்து. அதைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்ட நான் சம்மதிக்கவில்லை.

பில்லை இன்றைக்கே தேடு. உன் வீட்டுக்காரரிடம் கேள், அவர்தான் காகிதம் எதையும் கிழிக்காத மனுஷன். குழந்தைகளுக்கு என் முத்தம்.

உன்,
அம்பிகா