காக்கையும் புறாவும் போதும், தம்பி

அன்பு மகனுக்கு,

கேமரா வந்துவிட்டது, ஆனால் ஜன்னலுக்கு வெளியே காக்கையையும் புறாவையும் விட்டால் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். அந்த இரண்டையும் வைத்தே நீ நன்றாகப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ளலாம், தம்பி. அபூர்வப் பறவையைத் தேடி அலைகிறவர்களைவிட, தினமும் வருகிற பறவையை உட்கார்ந்து பார்க்கிறவர்களிடம்தான் எனக்கு மதிப்பு அதிகம்.

காக்கையில் தொடங்கு. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது அதன் இறக்கையைப் பார், நீலமும் ஊதாவும் ஓடும். அது சாயம் இல்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருகிற நிறம். புறாக் கழுத்தில் பச்சையும் ஊதாவும் மாறி மாறித் தெரிவதும் அப்படித்தான். நீ ஓரடி நகர்ந்தாலே மாறிவிடும். உச்சி வெயிலில் இந்த அழகு கிடைக்காது.

காக்கை படத்தை நிறைத்து நின்றால், வெளிச்சம் போதவில்லை என்று கேமரா எடுத்துக்கொண்டு கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை, கொஞ்சம் குறைத்துக்கொள். வெள்ளைக் கொக்கு அப்படி நிறைந்து நின்றால் கூட்ட வேண்டும். ஆனால் அதே கொக்கு இருண்ட நீருக்கு நடுவே சின்னதாகத் தெரிந்தால் குறைக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் இறகுகளே தெரியாமல் வெள்ளை வெளிறிப்போகும். ஃபோகஸ் எப்போதும் கண்ணில். பறக்கும்போது ஷட்டர் 1/2000 நொடிக்கு மேல் திறந்திருக்காமல் பார்த்துக்கொள்.

பறவைகள் பெரும்பாலும் காற்றுக்கு எதிராகத்தான் எழும்பும், இறங்கும். காற்று உன் முதுகில் படும்படி நின்றால் உன்னைப் பார்த்து வரும். தொடர்ந்து எடுக்கும்போது சில படங்களில் காக்கையின் கண் வெளுத்துத் தெரியும். நோய் என்று பயப்படாதே. கண்ணைக் குறுக்காக மூடித் திறக்கும் மூன்றாவது இமை அது. அந்தப் படங்களை அழிக்காமல் வைத்திரு.

ஒரு அகலத் தட்டில் தண்ணீர் வை, தினமும் மாற்று. காக்கையும் சிட்டுக்குருவியும் அலகில் நீரை அள்ளித் தலையை நிமிர்த்தி விழுங்கும். புறா அலகை நீரில் வைத்தபடியே உறிஞ்சிக் குடிக்கும். இரண்டும் ஒன்றாக வந்தால் ஒரே படத்தில் பிடிக்கப் பார். நீயும் தரையோடு தரையாக உட்கார்ந்து, அதன் கண்மட்டத்தில் எடு. மேலிருந்து எடுத்தால் முதுகுதான் கிடைக்கும்.

கூடு கண்ணில் பட்டால் மட்டும் நான் சொல்வதைக் கண்டிப்பாகக் கேள். குஞ்சு தெரிய வேண்டும் என்று இலையைக்கூட விலக்காதே. அந்த இடைவெளி வழியாகத்தான் வெயிலும் வேட்டைப் பறவைகளும் உள்ளே போகும். தாய் அலகில் இரையை வைத்துக்கொண்டு கூட்டுக்குப் போகாமல் கிளைக்குக் கிளை தாவினால், நீ ரொம்பக் கிட்டே போய்விட்டாய் என்று அர்த்தம். உடனே விலகி வந்துவிடு. அப்படி ஒரு படம் எனக்கு வேண்டவே வேண்டாம்.

எடுத்ததையெல்லாம் அனுப்பு, மங்கலானதையும் சேர்த்துத்தான். எத்தனை மணிக்கு எடுத்தாய், அது என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி எழுதிவிடு.

அன்புடன்,
அம்மா