அம்மாவுக்கு ஸ்கூட்டர் வாங்குமுன் லிப்டை அளப்போம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதமும் அதோடு வைத்திருந்த மூன்று மொபிலிட்டி ஸ்கூட்டர் (நடக்கச் சிரமப்படுபவர்கள் இருந்து ஓட்டும் பற்றரி வண்டி) படங்களும் கிடைத்தன. அம்மாவுக்கு லண்டனிலிருந்து ஒன்றை அனுப்பப் போகிறாய், எது நல்லது என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு மூன்று படத்தையும் ஒரு பக்கம் வை. எந்த வண்டி சரிவரும் என்பதை அம்மாவின் தொடர்மாடியும் அவ போய்வரும் வழியும்தான் சொல்லவேண்டும். கடைக்காரனும் விளம்பரத் தாளும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

ஞாயிறு அம்மாவைப் பார்க்கப் போனபோது அளவுநாடாவையும் கொண்டு போனேன். லிப்ட் கதவு 80 சென்ரிமீற்றர். உள்ளே ஆழம் 125, அகலம் 110. மாடி நடைவழி 120. வாசலில் இரண்டு படி, ஒவ்வொன்றும் 15 சென்ரிமீற்றர். இந்த அளவுகளை உன் மூன்று வண்டிகளோடும் ஒப்பிட்டுப் பார்.

நீ முதலாவதாக வைத்திருக்கும் பெரிய வண்டி 140 சென்ரிமீற்றர் நீளம். அது லிப்டுக்குள் போகவே போகாது. இரண்டாவது, 120 நீளமுள்ள நான்கு சில்லு வண்டி, மட்டுமட்டாகப் போகும். ஆனால் உள்ளே திருப்ப ஏலாது, வெளியே வரும்போது பின்னோக்கித்தான் ஓட்டவேண்டும். கதவு மூடத் தொடங்கும் நேரத்தில் கழுத்தைத் திருப்பிப் பார்த்துப் பின்னால் எடுப்பது எழுபது வயது தாண்டியவருக்குச் சின்ன வேலை இல்லை. கண்ணாடி பூட்டினாலும் லிப்டின் வாசற்படி விளிம்பு அதில் தெரியாது. மூன்றாவது, பிரித்துக் காரில் ஏற்றும் சின்ன வண்டி, 100 நீளம். அது லிப்டுக்குள் தாராளமாகப் போகும். நடைவழியில் திரும்புவதுதான் கரைச்சல். திரும்பும் ஆரை 90 என்று தாளில் போட்டிருந்தால், ஒரே வீச்சில் திரும்ப 180 அகலம் வேண்டும் என்று அர்த்தம். 120 அகல நடைவழியில் முன்னும் பின்னுமாக மூன்று நான்கு தரம் எடுத்துத்தான் திருப்ப முடியும்.

ஆனபடியால் என் யோசனை வேறு. வண்டி மேலே போகவே தேவையில்லை. அம்மா வீட்டுக்குள் நடைச்சட்டத்தோடு நன்றாகவே நடக்கிறா. நடைச்சட்டத்தோடு லிப்டில் இறங்கி, கீழே வாகனத் தரிப்பிடத்தில் வண்டியில் ஏறட்டும். அப்படி வைத்துக்கொண்டால் நீளத்தைப் பற்றிய கவலை போய்விடும், ரோட்டுக்கு ஏற்ற நல்ல வண்டியாகவே எடுக்கலாம். அதற்கு மூன்று விஷயம் வேண்டும்: தரிப்பிடத்தில் நிழலான, நனையாத ஒரு மூலை, அங்கே ஒரு 13 அம்பியர் பிளக், வாசல் படிக்குச் சரிவுப்பாதை. வண்டி இறங்குவதற்குத் தரிப்பிட வழி இருந்தாலும், அது வளைந்து பின் ஒழுங்கைக்குப் போகிறது, செங்குத்தும் கூட, அதனால்தான் சரிவுப்பாதை கேட்கிறேன்.

சரிவுப்பாதை பற்றி நிர்வாகக் குழுவோடு கதைக்கும்போது கணக்கோடு கதை. ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் என்பதுதான் பொது விதி. இரண்டு படியும் சேர்த்து 30 சென்ரிமீற்றர், அப்படியென்றால் 3.6 மீற்றர் நீளம் வேண்டும். மேசன்மார் இடம் மிச்சம் பிடிக்கவென்று ஒன்றரை மீற்றரில் போட்டுத் தருவார்கள். அந்தச் சரிவு 11 பாகைக்கு மேல் வரும், சின்ன வண்டிகள் 6 பாகைக்கே மூச்சு வாங்கும். ஏறும்போது முன்சில்லு தூக்கும், இறங்கும்போது ஆள் முன்னால் சரியும். இந்த நாட்டில் இயலாமை உள்ளவர்களின் உரிமைகளைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் 2006இல் வந்த அணுகல் வசதி ஒழுங்குவிதிகளும் இருந்தும், ஒரு கிழவி வாசல் தாண்டுவதற்கு நாங்கள் இன்னும் கெஞ்சவேண்டி இருப்பது எனக்கு மனம் பொறுக்காத விஷயம். குழுவுக்கு எழுதும் கடிதத்தில் அந்த இரண்டையும் கட்டாயம் குறிப்பிடு.

இனி ரோட்டுக்கு வருவோம். மூன்று சில்லா நான்கு சில்லா என்று கேட்டாய். மூன்று சில்லு கடைக்குள்ளும் நடைவழியிலும் இலேசாகத் திரும்பும், கால் நீட்டவும் இடம் இருக்கும். ஆனால் காலி வீதியின் நடைபாதை இங்கே ஏறி அங்கே இறங்கி, ஒவ்வொரு கேற்றுக்கும் பக்கவாட்டில் சரிந்து கிடக்கிறது. பக்கச் சரிவில் மூன்று சில்லு வண்டியைத் திருப்பினால் கவிழும் ஆபத்து அதிகம், வேகமாகத் திருப்பினால் இன்னும் மோசம். அம்மாவுக்கு நான்கு சில்லுதான். தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் எவ்வளவு உயரம் என்று பார். சின்ன வண்டிகளில் 4, 5 சென்ரிமீற்றர்தான் இருக்கும். கான் மூடிகளின் விளிம்பில் வயிறு தட்டி நின்றுவிடும், சில்லு காற்றில் சுற்றும். 8க்குக் குறையாமல் எடு, 10 கிடைத்தால் நல்லது. நடுத்தர அளவு வண்டியில் அது கிடைக்கும். ஒன்று மட்டும், நடுத்தர வண்டியைப் பிரித்து ஓட்டோவிலோ வாகன் ஆர் காரின் பின்பக்கத்திலோ ஏற்ற ஏலாது. ஆஸ்பத்திரிக்குப் போக அம்மா எப்படியும் காரில்தான் போவா, அங்கே சக்கர நாற்காலி இருக்கும். அந்த ஒரு தேவைக்காகச் சின்ன வண்டி எடுத்து, நாளாந்தம் ரோட்டில் அவதிப்பட வேண்டாம்.

டயரில் காற்றடிக்கும் வகை, திண்ம ரப்பர் வகை என்று இரண்டு உண்டு. காற்று டயர் குலுக்கத்தைக் குறைக்கும், இடுப்பு நோ உள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஆணி ஏறினால் அம்மா நடுவழியில் நின்றுவிடுவா. மெத்தையும் முதுகுச் சாய்வும் நல்லதாகப் பார்த்து, டயரைத் திண்மமாக எடுப்பதே புத்தி.

மரீன் டிரைவில் கடற்காற்று வாங்கப் போக அம்மாவுக்கு ஆசை. போகட்டும். ஆனால் ரயில் பாதையைத் தாண்டி மணலுக்குப் போகும் எண்ணம் வேண்டாம். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உள்ள இடைவெளியில் சின்னச் சில்லு விழுந்தால் ஒரு ஆளால் தூக்க ஏலாது. வேறு எங்கேயாவது பாதையைத் தாண்ட நேர்ந்தால் நேர் குறுக்காக, சில்லு சாயாமல் தாண்டவேண்டும். நடைபாதை விளிம்பும் அப்படித்தான். சாய்வாக ஏறினால் ஒரு சில்லு மேலேயும் மற்றது கீழேயும் நிற்க, வண்டி புரளும். பின்னால் ஒரு உயரமான செம்மஞ்சள் கொடியும் பூட்டச் சொல். இருக்கையில் இருக்கும் ஆளின் தலை ஒரு பஸ் சாரதியின் பார்வைக்குக் கீழே போய்விடுகிறது.

அம்மாவின் கையையும் பார்த்தேன். என் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன், வலக் கை பரவாயில்லை, இடக் கைப் பெருவிரலில் பலம் குறைவு. பெரும்பாலான வண்டிகளில் கைபிடிக்குக் கீழே ஒரு தட்டு நெம்பு இருக்கும். வலப்பக்கம் இழுத்தால் முன்னே, இடப்பக்கம் இழுத்தால் பின்னே. தேவையென்றால் விற்பவரே மாற்றித் தரலாம். அம்மாவுக்கு முன்னோட்டம் வலப்பக்கம்தான் வேண்டும், வாங்கும்போதே உறுதிப்படுத்து. இன்னொன்றை நீயும் தங்கச்சியும் நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலும் பிரேக் பிடிப்பது என்று ஒன்று இல்லை. நெம்பை விட்டால்தான் வண்டி நிற்கும், நின்றதும் "டக்" என்று மின்காந்தப் பிரேக் பூட்டிக்கொள்ளும். பயந்த மனிதனின் கை தானாக இறுகும், இங்கே இறுகினால் வண்டி ஓடும். சைக்கிள் பழக்கத்துக்கு இது நேர் எதிர். ஆகவே முதல் இரண்டு கிழமை தரிப்பிடத்துக்குள்ளே, வேகத் திருகை ஆமைப் படத்தில் வைத்து, "விடுங்கோ" என்று சொன்னதும் கையை எடுக்கிற பயிற்சி மட்டும். கண் பரிசோதனையும் அதற்கு முன் முடியவேண்டும்.

பின்சில்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விடுவிப்பு நெம்பு இருக்கும். வண்டியைக் கையால் தள்ளுவதற்கு அதை மாற்றுவார்கள். மாற்றினால் பிரேக்கும் கழன்றுவிடும், சரிவில் ஆள் இருக்கும்போது அதைத் தொட்டால் வண்டி உருண்டு ஓடும். அங்கே ஒரு சிவப்பு ஒட்டி ஒட்டவேண்டும். காவலாளி நல்ல மனதோடுதான் தொடுவார், அதனால்தான் சொல்கிறேன். "வண்டி ஓடவில்லை" என்று வரும் அழைப்புகளில் பலவற்றுக்கு இந்த நெம்பைத் திருப்பிப் போடாததுதான் காரணம். மற்றவை, சார்ஜர் இன்னும் பூட்டிக் கிடப்பது, திறப்பைப் போடும்போது நெம்பைப் பிடித்துக்கொண்டிருப்பது. இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் ஆளைக் கூப்பிடவேண்டும்.

உள்ளதில் பெரிய விஷயம் பற்றரி. 12 வோல்ட் பற்றரி இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட். 12 அம்பியர்-மணி (பற்றரி எவ்வளவு மின் பிடிக்கும் என்ற அளவு) வண்டிக்கு 15 கிலோமீற்றர் ஓடும் என்று எழுதியிருப்பார்கள். அது புதுப் பற்றரி, சமதரை, மெலிந்த ஆள். அதில் பாதியைத்தான் கணக்கில் எடு. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி வடிய விட்டால் ஆயுள் சரசரவென்று குறையும். வீட்டிலிருந்து மயூரபதி அம்மன் கோயில், சந்தை, பிறகு கடற்காற்று என்று சுற்றினாலும் அம்மாவுக்கு நாளுக்கு நான்கு கிலோமீற்றர் தாண்டாது. 20 அம்பியர்-மணி தாராளம். அதை முழுதாகச் சார்ஜ் பண்ண ஒரு யூனிட் கரண்ட்கூடப் போகாது, நிர்வாகக் குழுவுக்கு இதையும் சொல்.

வெக்கைதான் இங்கே எதிரி. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். லண்டனில் நான்கு வருடம் போன பற்றரி இங்கே இரண்டில் படுத்தால் ஆச்சரியப்படாதே, நிழல் மூலை கேட்டது அதற்காகத்தான். ஓடி வந்த அன்றிரவே சார்ஜில் போடவேண்டும். வடிந்தபடி கிழமைக் கணக்கில் விட்டால் ஈயத் தகட்டில் சல்பேற்று படிந்து இறுகிவிடும், பிறகு எந்தச் சார்ஜராலும் எழுப்ப ஏலாது. அம்மா யாழ்ப்பாணம் போய் ஒரு மாதம் நின்றால்கூட, யாராவது இடையில் ஒரு தரம் சார்ஜ் போடவேண்டும்.

மாற்றும் காலம் வரும்போது இரண்டையும் சேர்த்தே மாற்று, ஒரே தயாரிப்பு, ஒரே திகதி. பழசும் புதுசுமாகப் பூட்டினால் பழசு அதிகம் வடியும், சார்ஜும் இரண்டுக்கும் சமமாக ஏறாது, கடைசியில் இரண்டும் போய்விடும். இங்கே யு.பி.எஸ். பற்றரி அதே உருவத்தில் மலிவாகக் கிடைக்கும். அது கரண்ட் போகும்போது சில நிமிடம் தாங்குவதற்குச் செய்தது, நாளும் ஆழமாக வடிந்து ஏறும் வேலைக்கு இல்லை. மேலே "டீப் சைக்கிள்" என்று இருக்கவேண்டும்.

லிதியம் நல்லது, இலேசு, வெக்கையையும் ஓரளவு தாங்கும். ஆனால் சார்ஜர் அதற்கென்றே உள்ளதாக இருக்கவேண்டும், ஈயத்தின் சார்ஜரை ஒருநாளும் பூட்டக்கூடாது. நீ வரும்போது விமானத்தில் கொண்டுவருவதென்றால் வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்கிப் பார். 24 பெருக்கல் 10, 240 வாட்-மணி. கழற்றக்கூடிய லிதியம் பற்றரிக்கு 300 வாட்-மணிதான் எல்லை. ரிக்கற் போடும்போதே விமான நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடு.

லண்டன் சார்ஜருக்கு இங்கே பிரச்சினை இல்லை, 230 வோல்ட், சதுரப் பின். உன் தம்பி டொரன்டோவிலிருந்து வாங்கித் தருகிறேன் என்றானாம். கனடாவில் 120 வோல்ட். சார்ஜரின் முதுகில் உள்வரும் மின்னழுத்தம் 100 முதல் 240 வரை என்று இருந்தால் பயமில்லை. 120 என்று மட்டும் இருந்தால் இங்கே செருகிய கையோடு எரியும். யாராவது ஜப்பானில் ஓடிய சுசுகி சீனியர் கார் (அதுவும் இதே வகை வண்டிதான்) மலிவாக இருக்கிறது என்று சொன்னாலும் இதே கதைதான். அதில் சார்ஜர் வண்டிக்குள்ளேயே இருக்கும், அங்கே 100 வோல்ட். தனியாக ஒரு மின்மாற்றி வாங்காமல் தொடக்கூடாது.

மழைக்கு இவை தூறல் தாங்கும், அவ்வளவுதான். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடிமுழக்கத்தோடு கொட்டும்போது கைபிடிப் பலகைக்கு ஒரு பொலித்தீன் உறை வேண்டும். சார்ஜ் துளை நனைந்திருந்தால் காயும்வரை செருகக்கூடாது. மின்னல் நேரம் பிளக்கைக் கழற்றிவிடவேண்டும். ஒழுங்கையில் வெள்ளம் நின்றால் சில்லின் நடு அச்சுக்கு மேல் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது, மோட்டரும் பிரேக்கும் அங்கேதான் இருக்கின்றன. கடல் உப்பு பற்றரி முனைகளில் பச்சையாகப் பூக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் துடைத்து, மெல்லிதாக வாசலின் பூசினால் போதும்.

பாவித்த வண்டி எடுப்பதாக இருந்தால் ஒரு மல்ரிமீற்றர் கொண்டு போ. முழுச் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு இரண்டு பற்றரியும் சேர்ந்து 25.4 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. பிறகு ஏறி இருந்து ஒரு ஏற்றத்தில் ஓட்டு, மின்னளவு ஊசி சடாரென்று சிவப்புக்கு விழுந்தால் பற்றரி முடிந்தது, அந்தக் காசை விலையில் கழி. ஏற்றத்தின் நடுவில் கையை விடு. ஒரு அங்குலம்கூடப் பின்னால் உருளக்கூடாது.

நிர்வாகக் குழுக் கூட்டம் அடுத்த மாத முதல் ஞாயிறு. அதற்கு முன் நீ பார்க்கும் நடுத்தர வண்டியின் நீளம், அகலம், அடி உயரம், சார்ஜர் முதுகின் படம், நான்கையும் அனுப்பிவிடு. பிளக் வைக்கும் மூலையை நான் போய் அளந்து எழுதுகிறேன். அம்மா உனக்குச் சொல்லச் சொன்னது ஒன்று: சிவப்பு நிறம் வேண்டாமாம், நீலம் என்றால் நல்லதாம்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்