கடதாசிகளை ஒரே பேச்சுப் பேச வைத்தவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் நடக்கும் விசா உதவி மேசைக்கு இந்த வருடம் கைகொடுத்த உங்கள் எல்லாருக்கும் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் தொழிலைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். யாரைச் சொல்கிறோம் என்று அவரவருக்கு விளங்கும். வெளிநாட்டில் உள்ள மகளைப் பார்க்கவோ பேத்தியின் சாமத்திய வீட்டுக்கோ இரண்டு மூன்று மாதம் போய்வர நினைக்கிறவருக்கு, விசா அதிகாரியின் முன்னால் இருந்து நியாயம் சொல்ல அநேகமாக வழியில்லை. அவருக்காகக் கதைப்பவை கடதாசிகள்தான். அவை ஒன்றுக்கொன்று மாறிக் கதைத்தால் காரியம் கெட்டது. மாறிக் கதைக்காமல் பார்த்துக்கொண்டவர்கள் நீங்கள்.

முதலில் மொழிபெயர்ப்பாளர் ஐயா. பிறப்புப் பத்திரத்தை நீட்டினால் அவர் கையில் வாங்கமாட்டார். “பாஸ்போட்டைக் காட்டுங்கோ” என்பார். ஞானேஸ்வரி என்ற பெயர் பாஸ்போட்டில் ‘ஜி’ எழுத்தில் தொடங்கியிருக்கும். அவசரத்தில் செய்த வேறொரு மொழிபெயர்ப்பில் ‘என்’ எழுத்தில் தொடங்கியிருக்கும். எங்களுக்கு இரண்டும் ஒரே ஆள். வெளிநாட்டு அதிகாரிக்கு இரண்டு பெண்கள். தமிழ்ப் பத்திரத்தை ஆங்கிலமாக்கும்போது பாஸ்போட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். ஒவ்வொரு மொழிபெயர்ப்பிலும் இது சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி, திகதி, பெயர், கையொப்பம், தொடர்பு விபரம் எல்லாம் இருக்கவேண்டும் என்று லண்டன் விண்ணப்பத்துக்குக் கேட்பார்கள். ஐயா கேளாமலே போட்டுத் தருகிறார். மூலத்தின் பிரதியையும் கூடவே பின் அடித்துத் தருகிறார்.

மூலப் பத்திரங்களிலேயே பெயர் மாறியிருந்தால் மொழிபெயர்ப்பாளர் அதைத் திருத்த முடியாது, திருத்தவும் கூடாது. அங்கேதான் சமாதான நீதவான் அம்மா வருகிறார். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக்கடதாசி முடித்துத் தருவதற்கு முன், இரண்டு பத்திரத்தின் மூலத்தையும் மேசையில் வைத்துப் பார்ப்பார். போட்டோக்கொப்பியைக் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார். அம்மா, நீங்கள் அனுப்பிய எல்லாரும் அன்றைக்கு உங்களைத் திட்டிக்கொண்டுதான் வந்தார்கள். நீங்கள் செய்ததே சரி.

பெயரில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. எங்கள் பெண்களுக்குப் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் முன்னால் நிற்கும், பாஸ்போட்டில் புருஷன் பெயர் நிற்கும். இரண்டையும் கட்டிவைப்பது விவாகப் பதிவுப் பத்திரம். அதில் மணமகளின் தகப்பன் பெயரும் இருப்பதால் அதுதான் பாலம். ஆகவே இந்த மூன்றையும் பிரிக்காமல் ஒன்றாக வையுங்கள். அக்கா தங்கையைப் பார்க்கப் போவதென்றால் இரண்டு பேரின் பிறப்புப் பத்திரமும் வேண்டும். தாய் தகப்பன் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருப்பதுதான் உறவுக்கு அத்தாட்சி. பிரதேச செயலகத்தில் பழைய பத்திரங்களின் பிரதியைத் தேடி எடுத்துத் தந்த உத்தியோகத்தர்களுக்கு இந்த இடத்தில் நன்றி. பதிவு இலக்கமும் தெரியாமல், திகதியும் தெரியாமல், “மாரி காலத்தில பிறந்தவ” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்கும் நீங்கள் தேடிக் கொடுத்தீர்கள்.

வங்கி முகாமையாளருக்கும் அவரிடம் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் தனி நன்றி. ஆறு மாதக் கணக்கறிக்கையை ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தித் தந்ததற்காக மட்டும் அல்ல. நகையை அடகு வைத்துக் காசைக் கணக்கில் போட்டு, அறிக்கையை எடுத்த மறுநாள் மீட்கலாம் என்று வந்தவரை உட்கார வைத்து விளங்கப்படுத்தினீர்களே, அதற்காகவும். அதிகாரி கடைசி மீதியைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. மாதம் நாற்பதாயிரம் ஓய்வூதியம் வரும் கணக்கில் விண்ணப்பத்துக்கு முதல் கிழமை இருபது இலட்சம் விழுந்தால், அந்தக் காசு இவருடையதல்ல என்றுதான் எழுதுவார். மகன் அனுப்பிய காசென்றால் மகன் அனுப்பியதென்று எழுதி, அனுப்பிய சிட்டையைச் சேர்த்தால் போதும். சின்னக் கணக்கு உண்மையாக இருப்பது பெரிய கணக்கு பொய்யாக இருப்பதைவிட மேல். செலவை வெளிநாட்டில் உள்ளவர் ஏற்பதில் பிழை ஒன்றும் இல்லை. அவருடைய சம்பளச் சிட்டையும் வங்கி அறிக்கையும் அதைத் தாங்கவேண்டும், அவ்வளவுதான்.

நொத்தாரிசு ஐயா காணி உறுதிகளை வாசித்துத் தந்தது எங்களுக்கெல்லாம் ஒரு பாடம். யாழ்ப்பாணத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் “வீடு வளவு இருக்கோ” என்று கேட்டால் இருக்கு என்பார்கள். உறுதியைப் பிரித்தால் வீடு எப்பவோ மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டிருக்கும், அந்த மகள் ரொறொன்ரோவில் இருப்பார். சொத்து இங்கே இருக்கிறது என்று காட்டப்போய், சொத்துக்காரி அங்கே இருக்கிறார் என்று காட்டிய கதையாகிவிடும். ஆனால் அதே உறுதியின் கடைசிப் பக்கங்களில் தாய் தகப்பனுக்குச் சீவிய உருத்து வைக்கப்பட்டிருந்தால் அதுதான் பெறுமதியான வரி: சாகும்வரை அந்த வீட்டில் இருக்க இவருக்குச் சட்ட உரிமை உண்டு. பன்னிரண்டு பக்க உறுதியில் அந்த வரியை ஐயா பென்சிலால் கீறிக் காட்டுவார். அட்டவணையில் உள்ள பரப்பு, குழி என்ற எங்கள் ஊர்க் காணி அளவுகளைச் சதுர மீற்றருக்கு மாற்றி ஓரத்தில் எழுதித் தருவார். பரப்பு என்றால் அங்கே யாருக்கு விளங்கும்? பாங்கில் ஈட்டில் இருக்கும் காணியென்றால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொன்னார். அவருக்கு நாங்கள் கொடுத்தது ஒரு குலை கதலி வாழைப்பழம் மட்டும்.

காணியில்லாதவர் திரும்பி வருவார் என்பதற்கு வேறு சாட்சி உண்டு. தோட்டக்காரருக்குக் கமநல சேவை நிலையக் கடிதம், கடற்றொழிலாளருக்குச் சங்கக் கடிதம், கடைக்காரருக்கு வியாபாரப் பெயர்ப் பதிவு. விதானைமார் (கிராம அலுவலர்கள்) வதிவிடச் சான்றிதழ் தந்தார்கள். பிரதேச செயலாளரின் மேலொப்பம் இல்லாமல் அதை வைக்கவேண்டாம். ஆசிரியர்கள், அரச உத்தியோகத்தர்கள் வெளிநாட்டு விடுமுறைக்குப் பொது 126 படிவம் நிரப்பவேண்டும். அது மேசை மேசையாகப் போய் வர நாள் எடுக்கும் என்பதால் ரிக்கற்றைப் பார்ப்பதற்கு முதல் அதைத் தொடங்குங்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் அந்தப் படிவத்தைக் கால் முளைத்ததுபோல் நகர்த்தித் தந்த எழுதுவினைஞர் தங்கச்சிக்கு நன்றி.

இனி ஸ்ரூடியோத் தம்பி. கலியாண அல்பத்துக்கு முகத்தை வெள்ளையாக்குகிற அதே கையால் விசாப் படத்தைத் தொடாமல் விடுவது லேசான காரியம் இல்லை. மறுவை அழிப்பதும் கன்னத்தை மினுக்குவதும் படத்தைத் திருப்பி அனுப்ப வைக்கும். பிரான்ஸ், ஜேர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 35 மில்லிமீற்றர் அகலம், 45 உயரம். நாடியில் இருந்து உச்சிவரை முகம் 32 முதல் 36 வரை. அமெரிக்காவுக்கு இரண்டு அங்குலச் சதுரம், கண்ணாடி கழற்றவேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட படமாக இருக்கவேண்டும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்த ஐயாமாருக்காகத் தம்பி ஒரு நீலச் சேட்டை ஆணியில் கொழுவி வைத்திருக்கிறார்.

விசாவுக்குக் கொடுக்கும் கைரேகை விசயத்தில் எச்சரித்த மருத்துவத் தாதி அக்காவுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். வெங்காயம் நட்டு, புகையிலை முறித்து, சுண்ணாம்பும் சீமெந்தும் பட்ட விரல்களில் ரேகை தேய்ந்து கிடக்கும், இயந்திரம் பிடிக்காது. கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே தோட்ட வேலையை நிறுத்தி, இரவில் தேங்காய் எண்ணெய் பூசிவரச் சொன்னார். போகும் அன்று பூசக்கூடாது, விரல் வழுக்கும். மருதோன்றியும் வேண்டாம், வெட்டுக்காயமும் ஆறியிருக்க வேண்டும். கனடா விண்ணப்பத்தில் 80 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கைரேகையே தேவையில்லை. இது தெரியாமல் கிழடுகளை இரவு பஸ்ஸில் ஏற்றவேண்டாம். மற்றவர்களுக்கு ஒருமுறை கொடுத்தது 10 வருடம் செல்லும். ஷெங்கனுக்கு 59 மாதம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் நன்றி, கொஞ்சம் குறையோடு. அழைப்புக் கடிதத்தில் பாசத்தை ஒரு பக்கம் எழுதுகிறீர்கள். அதிகாரிக்கு வேண்டியது வேறு. வருபவரின் முழுப்பெயர், பிறந்த திகதி, விலாசம், உறவு, எதற்காக வருகிறார், எத்தனை நாள், எங்கே தங்குவார், எப்போது திரும்புவார், யார் செலவு. பிறகு உங்கள் தொழில், விலாசம், வீட்டில் எத்தனை பேர், குடியுரிமை அல்லது வதிவுரிமை அட்டையின் பிரதி. பிரான்சில் உள்ளவர்கள் உங்கள் நகரசபையில் எடுக்கும் தங்கவைப்புப் பத்திரத்தின் மூலத்தையே தபாலில் அனுப்பவேண்டும், வாட்ஸ்அப் படம் போதாது. ஜேர்மனியில் வெளிநாட்டவர் அலுவலகம் தரும் பொறுப்பேற்புப் பத்திரமும் அப்படியே. கனடாவில் பெற்றோருக்குச் சூப்பர் விசா (பெற்றோர் நீண்ட காலம் தங்கிப்போகும் விசா) எடுப்பவர்கள் குறைந்தது 100,000 டொலருக்கு ஒரு வருட மருத்துவக் காப்புறுதியும், மருத்துவப் பரிசோதனையும், உங்கள் வருமானக் கணக்கும் ஆயத்தமாக வைத்திருங்கள். ஷெங்கனுக்குக் காப்புறுதி 30,000 யூரோ. அந்த விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் இருக்கும்போதிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குப் பிந்தக்கூடாது. பாஸ்போட் 10 வருடத்துக்குள் எடுத்ததாகவும், திரும்பும் திகதிக்குப் பின் மூன்று மாதம் செல்லுபடியாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்கவேண்டும்.

இண்டர்நெட் கடைத் தம்பி ஒரு நல்ல பழக்கத்தைப் பழக்கியிருக்கிறார். விண்ணப்பிக்கிறவரின் பெயரிலேயே மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லைச் சின்னக் கொப்பியில் எழுதி அவர் கையிலேயே கொடுக்கிறார். விசா நிச்சயம் என்று சொல்லிக் காசு வாங்கும் முகவர்கள் சிலர் தங்கள் மின்னஞ்சலைப் போடுவார்கள். அதனால் பதில் வந்ததும் தெரியாது, படிவத்தில் என்ன எழுதினார்கள் என்பதும் தெரியாது. முன்பு ஏதாவது நாட்டில் விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு அவர்கள் ‘இல்லை’ என்று போட்டிருந்தால் பொய் சொன்னவர் விண்ணப்பகாரர்தான், கையொப்பம் அவருடையது. கனடாவில் அதற்கு 5 வருடத் தடை, பிரித்தானியாவில் 10 வருடம். குடும்ப விபரப் படிவத்தில் சுவிஸில் அகதி வழக்கோடு நிற்கும் மகனை விட்டுவிடுவதும் இதே கணக்கில் வரும். பிள்ளைகள் எல்லாரையும் எழுதுங்கள், எங்கே இருந்தாலும்.

கடைசி நன்றி மறுப்புக் கடிதங்களைத் தந்தவர்களுக்கு. வெட்கப்பட்டு மறைக்கக்கூடிய கடதாசியைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தீர்கள். பெயரை மறைத்துவிட்டு வரிவரியாக வாசித்துத்தான் இங்கே எழுதியதில் பாதியைக் கற்றோம். பிரித்தானியக் கடிதத்தில் காரணம் விரிவாக இருக்கும். அந்தந்த வரிக்குப் பதில் கடதாசி தேடி மறுபடி விண்ணப்பிக்கலாம். அதே கட்டைத் திருப்பிக் கொடுத்தால் அதே பதில்தான் வரும். ஷெங்கன் மறுப்புக்கு மேன்முறையீடு உண்டு, கால எல்லை கடிதத்திலேயே இருக்கும். கனடாக் கடிதம் சுருக்கமாக இருக்கலாம். கனடாவில் உள்ள உறவினர் 5 டொலர் கட்டித் தகவல் கேட்டால் அதிகாரி உள்ளே எழுதிய குறிப்பு கிடைக்கும். அதை வாசித்த பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள்.

2025 செப்டெம்பரில் இருந்து யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகத்திலேயே) பாஸ்போட் எடுக்க முடிவதால் வவுனியாவுக்கும் பத்தரமுல்லைக்கும் அலைந்த அலைச்சல் குறைந்திருக்கிறது. அந்த வரிசையில் முதியவர்களுக்குக் கதிரை கொடுத்தவர்களுக்கும் நன்றி.

விசா கிடைத்து இந்த மாதம் புறப்படுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கவைப்புப் பத்திரம், காப்புறுதி, திரும்பும் ரிக்கற், பிள்ளையின் விலாசமும் தொலைபேசி இலக்கமும் எழுதிய தாள், நாலையும் கைப்பையில் வையுங்கள். ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் உள்ள பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால், குடிவரவு மேசையில் கேட்கும்போது அந்தப் பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கும்.

இங்ஙனம்,
விசா விண்ணப்ப உதவி மேசையினர்,
யாழ்ப்பாணம்.