எருக்குக்கு இங்கேயும் ஒரு பங்காளி

ஸ்கார்பரோ, டொராண்டோ
செப்டம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். பாமணியாற்றில் தண்ணீர் வருகிறதா, சம்பா நடவு முடிந்ததா என்று எழுது. போனில் கேட்டால் அப்பா "எல்லாம் நடக்குது" என்பதோடு முடித்துவிடுகிறார்.

நான் அனுப்பிய பட்டாம்பூச்சிப் படங்களைப் பார்த்துவிட்டு, "நம்ம வாய்க்கால் கரையில பறக்கிறதத்தானே எடுத்திருக்கே?" என்று கேட்டாய். அது வெந்தய வரியன். இது மோனார்க், அதைவிடப் பெரியது, இறக்கை நரம்பெல்லாம் கறுப்புக் கோடு. ஆனால் நெருங்கிய சொந்தம்தான். இதன் புழு மில்க்வீட் செடியை மட்டுமே தின்னும். அதுவும் எருக்குக் குடும்பம், கிள்ளினால் பால் வடியும். அந்தப் பாலின் நஞ்சு பூச்சியின் உடம்பில் தங்கிவிடுவதால் பெரும்பாலான பறவைகள் தொடாது. பிள்ளையார் சதுர்த்தி விட்டால் நாம் எருக்கை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இங்கே அதன் பங்காளியை விதை வாங்கி வீட்டு வாசலில் வளர்க்கிறார்கள். அப்பாயியிடம் சொல், சிரிக்கும்.

கோடையில் பிறக்கும் மோனார்க்குக்குச் சில வாரம்தான் ஆயுள். இப்போது பறப்பவை மட்டும் ஏழெட்டு மாதம் இருக்கும். சூரியனை வைத்துத் திசை பிடித்து, 3000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து மெக்சிகோ மலைக்காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும். வசந்தத்தில் வடக்கே கிளம்பி, வழியில் முட்டையிட்டு இறந்துவிடும். இங்கே வந்து சேர்வது பிள்ளையோ பேரப்பிள்ளையோதான். எங்கே போகின்றன என்று தேடியவர் இந்த ஊர்ப் பேராசிரியர், பிரெட் உர்குஹார்ட். மனைவி நோராவும் கூட. இறக்கையில் குட்டிச் சீட்டு ஒட்டிப் பறக்கவிட்டுப் பல்லாண்டு தேடினார்கள். அவர்களுக்கு உதவியவர்கள் 1975 ஜனவரியில்தான் அந்தக் காட்டைக் கண்டுபிடித்தார்கள்.

ஈரி ஏரிக்குள் கோடிக்கரை மாதிரி நீண்டு கிடக்கும் பாயிண்ட் பீலி என்ற முனையில், ஏரியைக் கடக்கும் முன் கூட்டம் கூட்டமாகத் தங்குமாம். காரில் நாலு மணி நேரம். இவர் லீவு கிடைக்கட்டும் என்கிறார், பார்ப்போம்.

சரி, படம் எடுக்கும் விஷயம். துரத்தவே துரத்தாதே. நான் விடியற்காலையில் இந்த ஊர் ஏரிக்கரைக்குப் போய்விடுவேன். குளிரில் இறக்கைச் சதை விறைத்திருப்பதால், வெயில் பட்டுச் சூடேறும் வரை அவற்றால் பறக்க முடியாது. நம்மூரில் அவ்வளவு குளிர் ஏது, இருந்தாலும் காலை வேளைதான் நல்லது. உன் நிழல் அதன்மேல் விழக் கூடாது. இறக்கையை மூடியிருந்தால் பக்கவாட்டில் உட்கார்ந்து, போனை இறக்கைக்கு நேர் இணையாகப் பிடி. அப்போதுதான் ஓரம் மங்காமல் முழுதும் தெளிவாக விழும்.

அடுத்து நீ எடுத்து அனுப்ப வேண்டும். எருக்கிலையைப் புரட்டிப் பார், முட்டை ஒவ்வொன்றாகத் தனித்தனியே இருக்கும். புழு கிடைத்தால் முதுகில் கறுப்புக் கொம்புகளை எண்ணு: மோனார்க்குக்கு இரண்டு ஜோடி, வெந்தய வரியனுக்கு மூன்று. மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும். எருக்கம்பால் பட்ட கையைக் கண்ணில் வைத்துவிடாதே.

அப்புறம், வாய்க்கால் கரையைச் செதுக்கும்போது அந்த எருக்கை மட்டும் விட்டுவைக்கும்படி அப்பாவிடம் சொல். நான் சொன்னதாகவே சொல்.

அன்புடன்,
அக்கா